மாத்திரை டப்பா யார் கையில்? சர்க்கரை நோயைக் கவனிக்காத கணவரும் அவர் மனைவியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்குரிய தம்பதியர் கொங்கு வட்டாரத்துச் சிறு நகரம் ஒன்றில் வாழ்பவர்கள். கணவருக்கு வயது 47. ஹார்டுவேர் கடை நடத்துகிறார். மனைவிக்கு 42, தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியை. கணவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் இருப்பது அவருடைய நாற்பதாவது வயதில், ஆயுள் காப்பீட்டுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் தெரியவந்தது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி, இருவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

மருத்துவ நோக்கில் இது அபூர்வமான நிகழ்வு அல்ல. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அவர்களில் எத்தனையோ பேர் மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு போடாமல் இருக்கிறார்கள். ஆனாலும் இதை விரிவாகப் பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. ஏழு ஆண்டுகள் ஒரு பெண் தன் கணவரின் நோயை அவருக்குப் பதிலாகத் தானே சுமந்திருக்கிறார். அப்படிச் சுமந்ததாலேயே அந்த நோய் கணவருடையதாக ஆகாமல் போயிருக்கிறது. இதை அந்தப் பெண்ணின் குற்றமாக யாரும் படித்துவிடக் கூடாது என்ற கவலையோடுதான் எழுதுகிறேன்.

வந்த நிலை

தைப்பூசத்துக்குப் பழநிக்குப் பாதயாத்திரை போவது அந்தக் குடும்பத்தின் நெடுநாள் வழக்கம். அந்த ஆண்டும் கணவர் ஊர்க்காரர்களோடு செருப்பில்லாமல் நடந்து போய்த் திரும்பினார். திரும்பிய மூன்றாம் நாள் காலையில் படுக்கையை உதறிய மனைவி, விரிப்பின் கால்மாட்டில் மஞ்சளாக ஈரக்கறை இருப்பதைக் கண்டு, தூங்கிக்கொண்டிருந்தவரின் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வலது கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம் உடைந்து, ஐம்பது காசு அகலத்துக்குப் புண் குழியாகியிருந்தது. அந்தக் காலோடு அவர் இரண்டு நாள் கடைக்குப் போய் வந்திருந்தார். வலியே இல்லை என்றார், அது உண்மையும்கூட.

பாதத்தின் உணர்வைச் சோதிப்பதற்கென்று உள்ள, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் மருத்துவர் தொட்டபோது, இரண்டு பாதங்களின் முன்பகுதியிலும் பல இடங்களில் தொடுவது அவருக்குத் தெரியவில்லை. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. கால் தப்பியது அதனால்தான். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 10.4 சதவீதம் இருந்தது. அதாவது, ரத்தச் சர்க்கரை இரவும் பகலுமாகச் சராசரியாக 250 மில்லிகிராமில் நின்றிருக்கிறது. விழித்திரையில் தொடக்கநிலை மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் புரதமான அல்புமின் சிறுநீரில் 64 இருந்தது. 30-க்குக் கீழே இருப்பதே இயல்பு. கெட்ட தோலை வெட்டி எடுத்து, ஆன்டிபயாடிக் கொடுத்து, புண்ணின் மேல் பாரம் விழாதபடி பாதத்தில் கெட்டியான பட்டை ஒட்டி, ஏழு வாரத்தில் புண் ஆறியது. அதன் பிறகு பின்வார் வைத்த, மெத்தென்ற ரப்பர் அடியுள்ள எம்.சி.ஆர். செருப்புக்கு மாறினார்.

இந்த நிலை ஒரே யாத்திரையில் வந்ததல்ல. சில மாதங்களுக்கு முன்பே ஒருநாள் அவர் ஒற்றைக் காலில் மட்டும் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறார். மற்றொரு செருப்பு வழியில் கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. "கவனமெல்லாம் எங்க வெச்சுட்டு நடக்கறீங்க மாமா?" என்று மனைவி கடிந்துகொண்டதோடு அது முடிந்துபோனது. சர்க்கரை நோயாளி ஒருவர் செருப்பு கழன்றது தெரியாமல் நடந்து வந்தால், அன்றே பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்பதை இந்தக் குடும்பத்துக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

புண் ஆறி வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவர்கள் கேட்ட அறிவுரை நம் ஊரில் எல்லாப் பரிசோதனை அறைகளிலும் கேட்பதுதான்: "நீங்கதாம்மா கண்டிப்பா இருந்து பாத்துக்கணும்." நோயாளி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், 47 வயது, கடையில் நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். ஆனால் அந்தப் பேச்சு அவரைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. மனைவி அன்று வெளியே வந்து அழுதார். "இதுக்கு மேல எப்பிடிங்க கண்டிப்பா இருக்கறது?" என்று அவர் கேட்ட கேள்வியோடுதான் இருவரும் ஆலோசனைக்காக என்னிடம் அனுப்பப்பட்டார்கள்.

ஏழு ஆண்டு ஏற்பாடு

மனைவி செய்தவற்றைக் கேட்டால், இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் எவருக்கும் தோன்றும். வாரத்தின் ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று பிரித்த டப்பாவில் ஞாயிறுதோறும் மாத்திரைகளை அடுக்கி வைப்பார். பள்ளியின் இடைவேளையில் போன் செய்து, "மாத்திரை போட்டீங்களா மாமா?" என்று கேட்பார். "போட்டாச்சு, போட்டாச்சு" என்று பதில் வரும். கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்காரரிடம், சர்க்கரை போடக் கூடாது, போண்டா பஜ்ஜி கொடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். துவைக்கப் போடும் சட்டைப்பையில் மிக்சர் காகிதமோ ஜிலேபி பிசுக்கோ இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டில் இரவுக்கு ராகிக் களிதான். அவரும் மகனும் அதையே சாப்பிட்டார்கள். கல்யாண வீட்டு விருந்துகளைக் குடும்பமே தவிர்க்கத் தொடங்கியது.

டப்பா வாராவாரம் ஒழுங்காகக் காலியானது. பாதப் புண்ணுக்குப் பிறகு, கடையில் சாமான் எண்ணும்போது, அரை அங்குல போல்ட் நட்டு போட்டு வைக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் மாத்திரைகள் கிடைத்தன. சில நூறாவது இருக்கும்; ஈரக்காற்றில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

பரிசோதனைக்குப் போவதற்கு நாலைந்து நாள் முன்பிருந்து மாத்திரையை ஒழுங்காகப் போட்டு, சோற்றைக் குறைத்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை 130, 140 என்று கொண்டு வந்து அந்தச் சீட்டை மனைவியிடம் காட்டுவது அவர் வழக்கம். வெறும் வயிற்று அளவை அப்படிச் சில நாளில் இறக்கிவிட முடியும். எச்பிஏ1சி அப்படி இறங்காது. ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளான ஏறத்தாழ மூன்று, நான்கு மாதத்தின் கணக்கை அது வைத்திருக்கும். செலவைக் குறைக்கிறேன் என்று அந்தப் பரிசோதனையை அவர் சில ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டே வந்தார்.

கண்காணிப்பு இறுக இறுக ஒளிப்பதும் தேர்ந்தது. அது மட்டுமல்ல, அந்த இறுக்கம் ஓர் இரவு உயிருக்கே ஆபத்தாகியிருக்கிறது. மாத்திரை பற்றிய கடும் சண்டைக்குப் பின், "இந்தா பாரு" என்று மனைவியின் கண்ணெதிரே இரண்டு நாள் மாத்திரையை ஒன்றாக விழுங்கிவிட்டு, கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அந்த மாத்திரைகளில் கிளிமிபிரைடும் உண்டு. கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்து அது. சாப்பாடு இல்லாத வயிற்றில் சர்க்கரையைக் கிடுகிடுவென்று இறக்கிவிடும். நள்ளிரவில் அவர் வியர்த்து நனைந்து, நாக்குக் குழறிப் பேசியபோது, குடித்துவிட்டு வந்தாரோ என்றுதான் மனைவி முதலில் நினைத்திருக்கிறார். வீட்டிலிருந்த கருவி 48 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே லோ சுகர். சர்க்கரைக் கரைசல் கொடுத்து எழுப்பிவிட்டார்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போகவில்லை. கிளிமிபிரைடால் இறங்கிய சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கக்கூடும் என்பதால் அப்படி வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது.

நாள்பட்ட நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோரைக் கவனித்த பார்பரா ஆண்டர்சன், ஜேம்ஸ் கோய்ன் ஆகிய இருவரும் 1991-இல் இந்தச் சுழலை விளக்கி எழுதினார்கள். அக்கறையில் தொடங்கும் உதவி, பலன் தெரியாதபோது கண்டிப்பாக மாறுகிறது; கண்டிப்பு எதிர்ப்பை வளர்க்கிறது; கடைசியில் நோயை விட்டுவிட்டு ஒருவர் மீது ஒருவர் வெற்றி காண்பதே நடக்கிறது. கணவன் மனைவிக்குள் இது இன்னும் கூர்மையாகிறது என்பது என் எண்ணம். பிள்ளை வளர்ந்து ஒருநாள் பொறுப்பை வாங்கிக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு பெற்றோருக்கு உண்டு. மனைவிக்கு அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை.

இதே நோய் பெண்ணுக்கு வந்தால் காட்சியே வேறாகிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் மருத்துவமனைக்கு வரும் சர்க்கரை நோயுள்ள பெண்கள் பெரும்பாலும் தனியாகவே வருகிறார்கள். "நீங்கதாங்க கண்டிப்பா இருந்து பாத்துக்கணும்" என்று அவர்களுடைய கணவன்மாரிடம் சொல்லப்பட்டு நான் கேட்டதில்லை.

சொல்லப்படாத காரணம்

தம்பதியராக உட்காரவைத்துப் பேசியபோது கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தனியே பேசியபோதுதான் அவருடைய கதை வெளியே வந்தது. அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருந்திருக்கிறது. அப்பா பல ஆண்டுகள் நாட்டு வைத்தியமே பார்த்து, கால் கறுத்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கே முதன்முறையாக இன்சுலின் போட்டு, சில நாளில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து, அந்த ஆண்டே இறந்துபோனார். வீட்டார் மனதில் பதிந்த வரிசை ஒன்றுதான்: ஊசி, அப்புறம் கால், அப்புறம் சாவு. இன்சுலின் காலதாமதமாக வந்ததே தவிர, அது காலைப் பறிக்கவில்லை என்பதை அந்த வீட்டில் எவரும் எடுத்துச் சொல்லியிருக்கவில்லை. சர்க்கரை ஏறுகிறது என்று எவரேனும் சொன்னாலே, ஊசிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல அவருக்கு இன்னும் நேரம் பிடித்தது. நோய் தெரிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருக்கு உடலுறவில் விறைப்புத்தன்மை குறைந்திருக்கிறது. கடைக்கு வரும் நண்பர் ஒருவர், "இங்கிலீஷ் மாத்திரை சூடுங்க, நரம்பையும் கிட்னியையும் எடுத்துடும்" என்று சொல்ல, அதோடு மாத்திரையை நிறுத்தத் தொடங்கினார். மாத்திரையை நிறுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும் என்று அவர் ஒவ்வொரு மாதமும் எதிர்பார்த்தார்; ஆனால், சர்க்கரை கூடக்கூட நிலைமை மோசமானது. இதை மனைவியிடம் சொல்ல முடியாமல் கடையில் வேலை என்று தாமதமாக வரத் தொடங்கினார். அவர் விலகிப் போவதையும் மாத்திரையை ஒளிப்பதையும் சேர்த்துப் பார்த்த மனைவி, தன் மேலும் குடும்பத்தின் மேலும் அவருக்குப் பற்றுவிட்டுப் போய்விட்டது என்று முடிவு கட்டியிருந்தார்.

சர்க்கரை நோய்க்குப் பரவலாகக் கொடுக்கும் மெட்ஃபார்மின், ஆண்மைக்குறைவை உண்டாக்கும் மருந்து அல்ல. சிறுநீரகத்தைக் கெடுப்பதும் இல்லை. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அதன் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்பதுதான் திரிந்து அப்படிப் பரவியிருக்கிறது. விறைப்புத்தன்மை குறைவதற்கு முக்கியக் காரணம் நெடுநாள் கூடிய சர்க்கரை நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுப்பது. பாதத்தில் நடந்ததும் அதுவே. சர்க்கரை நோயுள்ள ஆண்களில் இது மிகப் பரவலாக இருக்கிறது. இருந்தும், கண், கால், சிறுநீரகம் என்று வரிசையாகக் கேட்கும் மருத்துவர்களில் பலர் இதைக் கேட்பதில்லை. நோயாளி தானாகச் சொல்வதும் இல்லை. இதயக் குழாய் அடைப்புக்கு இது முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால் அவருக்கு இதயப் பரிசோதனை செய்யப்பட்டது. நல்லவேளையாகக் கோளாறு எதுவும் இல்லை. அதன் பிறகு உரிய மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்பதால், மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடும் வழக்கம் வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது.

கணவர் கேட்டுக்கொண்டபடி, இதை மனைவியிடம் அவரே என் முன்னிலையில் சொன்னார். மனைவி நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சு வருசமா இதையா மனசுல வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சந்திப்பில் மாத்திரை பற்றி வேறெதுவும் பேசவில்லை. பேச வேண்டியதும் இல்லை.

மனைவியின் ரத்தம்

கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று மனைவியிடம் கேட்டபோது, மகன் பிறந்த சமயத்தில் என்றார். மகன் பத்தாம் வகுப்புப் படிக்கிறான். வாழ்க்கைத்துணைக்குச் சர்க்கரை நோய் இருந்தால் மற்றவருக்கும் அது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் கூடுதல் என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் எழுதினார்கள். இருவருக்கும் ரத்தத் தொடர்பு இல்லை. ஆனால் ஒரே அடுப்பு, ஒரே உட்காரும் பழக்கம், ஒரே தூக்கக் குறைவு. இவருக்கு எடுத்துப் பார்த்ததில் எச்பிஏ1சி 6.0 இருந்தது, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஏழு ஆண்டுகளாக வீட்டில் கருவி இருந்தும் அவர் விரலில் ஒருமுறைகூடக் குத்திப் பார்த்ததில்லை. இந்த ஆய்வில் என்னை மிகவும் வருத்தியது இந்த எண்தான்.

முந்தைய நிலையில் இருப்பவர்கள் நடையையும் உணவையும் திருத்திக்கொண்டால், நோய் வரும் வாய்ப்பு மூன்று ஆண்டுகளில் 28.5 சதவீதம் குறைகிறது என்று சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய, 2006-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. நம் ஊர் மக்களிடமே செய்து பார்த்தது என்பதால் மனைவியிடம் அதைத் தயங்காமல் சொல்ல முடிந்தது. மாலையில் அரை மணி நேர நடை அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. கணவரை இழுத்துக்கொண்டு போகும் நடை அல்ல, தானே போகும் நடை.

பொறுப்பைக் கைமாற்றியது

தம்பதியருக்குச் சேர்த்து ஆலோசனை கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. அமெரிக்காவில் பவுலா டிரீஃப் குழுவினர் 280 தம்பதியரிடம் தொலைபேசி வழியே செய்து பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிக்கு மட்டும் ஆலோசனை கொடுத்த பிரிவிலும் மொத்தத்தில் ஏறத்தாழ அதே அளவுக்குச் சர்க்கரை குறைந்திருந்தது. ஆகவே இந்தத் தம்பதியரிடம் செய்ததைப் பொது மருந்தாக நான் முன்வைக்கவில்லை. இவர்களுக்குப் பொருந்தியதையே சொல்கிறேன்.

மாத்திரை டப்பாவை மனைவி கணவரிடம் கொடுத்தார். வாங்குவது, அடுக்குவது, தீர்ந்தால் மருந்துக் கடைக்குப் போவது எல்லாம் அவர் வேலை. மாத்திரை போட்டீர்களா என்ற கேள்வி வீட்டில் இல்லை. டீக்கடைக்காரருக்குக் கொடுத்த காவல் பணியும் நீங்கியது. அதற்கு ஈடாக மனைவி சிலவற்றைக் கேட்டு வாங்கினார்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி சீட்டைத் தான் பார்க்க வேண்டும், காப்பீட்டுப் பத்திரங்களும் கடைக் கணக்கும் தனக்குத் தெரியும் இடத்தில் இருக்க வேண்டும், கால் மரத்தவர் தன் உள்ளங்காலைத் தானே சரியாகப் பார்க்க முடியாது என்பதால், இரவில் கணவராகக் காலை நீட்டினால் மனைவி பார்த்துச் சொல்வார். லோ சுகர் வந்தால் மட்டும் வாதம் கிடையாது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பது, கால் மணி நேரத்தில் மறுபடி குத்திப் பார்ப்பது, நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைப்பது. மருத்துவரும் கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்து, 2022-இல் காப்புரிமை முடிந்து விலை இறங்கிய சிட்டாகிளிப்டின் என்ற மற்றொரு சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார்.

மனைவிக்கு இது எளிதாக இருக்கவில்லை. முதல் மாதம் டப்பாவைத் திறந்து பார்க்காமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது என்றார். பிடியை விட்டுவிட்டால் கணவர் செத்துப்போவார், இறுக்கிப் பிடித்தால் மாத்திரையை ஒளிப்பார். இரண்டுக்கும் நடுவில் ஏழு ஆண்டு நின்றவர் மனைவி. கைவிடுவதும் பொறுப்பை உரியவரிடம் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைப் பேச்சில் விளக்குவது எளிது. பக்கத்து அறையில் டப்பா இருக்கும்போது திறக்காமல் படுப்பதுதான் கடினம்.

கணவரிடம் நாங்கள் அறிவுரை சொல்லவில்லை. கருவியைக் கொடுத்து, பிடித்ததைச் சாப்பிட்டுவிட்டு, முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் குத்தி எழுதி வரச் சொன்னோம். ஒரு நோட்டில் கடைக் கணக்கு போலவே வரவு செலவு எழுதி வந்தார். இரண்டு பெரிய உருண்டை ராகிக் களி சாப்பிட்ட இரவு 268. அரிசி-பருப்புச் சாதத்தை அளவாக எடுத்து, அவரைக்காய்ப் பொரியலை நிறைய வைத்துச் சாப்பிட்ட இரவு 184. களி என்றால் சர்க்கரை ஏறாது என்று நம்பிக் குடும்பமே ஏழு ஆண்டு அதைச் சாப்பிட்டிருக்கிறது. ராகியில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதல் என்பது உண்மை. மாவுச்சத்து அரிசியை விடப் பெரிதாகக் குறைவில்லை என்பதும் உண்மை. அளவுதான் கணக்கு. இந்த எண்களைத் தன் கையெழுத்தில் பார்த்த பிறகு அவர் கேட்ட கேள்விகள், ஏழு ஆண்டில் கேட்காதவை. இடியாப்பம் போன்ற சந்தகைக்கு எவ்வளவு ஏறும் என்று தானே குத்திப் பார்த்து எழுதியிருந்தார்.

ஓராண்டுக்குப் பின்

எச்பிஏ1சி மூன்றாம் மாதம் 9.1, ஆறாம் மாதம் 8.0. அதன் பின் தீபாவளியை ஒட்டிக் கடையில் வேலை மிகுந்தபோது சில வாரம் மாத்திரையை விட்டுவிட்டார். ஒன்பதாம் மாதம் 8.5 ஆனது. அந்தச் சீட்டை ஒளிக்காமல் மனைவியிடம் கொடுத்தார். மனைவி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஓராண்டு முடிவில் 7.6. நாங்கள் வைத்திருக்கும் இலக்கு 7. ஆனால், எச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைந்தாலே கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் பாதிப்பு 37 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது என்பது பிரிட்டனில் நடந்த நெடிய ஆய்வின் கணக்கு. அதனால் 10.4-இலிருந்து 7.6 வரை வந்ததைச் சிறிதாக எண்ண மாட்டேன். சிறுநீர் அல்புமின் 38-க்கு இறங்கியது. பாதத்தின் உணர்வு திரும்பவில்லை. திரும்பும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. அடுத்த தைப்பூசத்துக்கு எம்.சி.ஆர். செருப்போடு பேருந்தில் பழநிக்குப் போய் வந்தார். மனைவியின் எச்பிஏ1சி 5.8.

சில முடிவுகள் இன்னும் எட்டப்படவில்லை. சர்க்கரை மறுபடி கூடினால் இன்சுலினுக்கு ஒப்புக்கொள்வீர்களா என்று மருத்துவர் கேட்டதற்கு, அப்போது பார்க்கலாம் என்றே கணவர் சொல்லியிருக்கிறார். அப்பாவின் கால் அவர் மனதிலிருந்து இறங்கவில்லை. அவர் முழுமையாக மாத்திரையை விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று மனைவியிடம் கேட்டேன். டப்பாவை மறுபடி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். மகனின் மேற்படிப்புக்குத் தன் சம்பளத்தில் தனியாகச் சேமிக்கத் தொடங்கியிருப்பதாகவும், அது கணவருக்குத் தெரியும் என்றும் சொன்னார். விழித்திரைப் பரிசோதனை மறுபடி எடுக்க வேண்டிய மாதம் வந்திருக்கிறது. நாள் குறித்து, மருத்துவமனைக்குப் போன் செய்தவர் இம்முறை கணவர்.